வலது கையுறை

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உன் அத்தையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உன் அக்கா வீட்டில் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா? புது பேக்கரியிலும் உனக்கு இரவு வேலைதானா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் வழக்குக்குக் கம்பெனிக்காரன் பதில் போட்டுவிட்டான். வக்கீல் அம்மா அதை என் காதருகே வந்து கத்திப் படித்தார். அவர் தொண்டை பாவம் என்று காகிதத்தை வாங்கி நானே படித்துக்கொண்டேன். மரமில்லில் ரம்பத்தின் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்தவன் நான். ஆனால் கண்ணைத் தொலைக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி, இன்று பொது நூலகத்தில் சட்டப் புத்தகம் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறேன்.

அவன் சொல்வது இதுதான். ஆப்பிள் பெட்டி அடுக்கப் போன என் மகன் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ குளிர் அறையின் கதவைச் சாத்தினார்கள். ஒப்புக்கொள்கிறான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காக மாட்டாமல் கிடந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் சாவுக்குக் காரணம் அது இல்லையாம்! உள்ளே போனதுமே அவன் நெஞ்சடைத்து விழுந்துவிட்டானாம். கைப்பிடி இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டானாம். உயிரோடிருந்தால் கதவை இடித்திருப்பானே, இடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லையே என்கிறான். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் கிடந்தானே, ஒரு கையுறை கழன்று மடியில் கிடந்ததே, சுயநினைவுள்ளவன் அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றுவானா என்கிறான். குடித்திருப்பானோ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறான். அந்த வரியை மட்டும் உன் அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை.

முதல் விசாரணையில் பெட்டி ஒட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள், அவள் சொன்னது உனக்குத் தெரியாது. “பெரிய சத்தம் எதுவும் கேக்கலைங்க. டிக் டிக்னு லேசா ஏதோ கேட்டுது. பைப் சத்தம்னு நெனச்சேன்” என்றாள். வக்கீல் அம்மா அதை எழுதிக் காட்டினார். எனக்கு வந்ததே கோபம். “என் பையன் கதவைத் தட்டினா டிக் டிக்குன்னா கேக்கும்? நீ கம்பெனி ஆளு!” என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே போனவள் இனிமேல் வர மாட்டேன் என்கிறாளாம். போகட்டும்.

உனக்கு ஒரு காகிதம் வரும். நோயால் இறந்தார், கம்பெனி மேல் குற்றமில்லை என்று நீ கையெழுத்துப் போட்டால் ஏதோ தருவார்களாம். நீ அவன் மனைவி. நீ விட்டால் வழக்கு அதோடு படுத்துவிடும். போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

மாமா

—

மார்ச் 21

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் தலைசுற்றலும் எப்படி இருக்கின்றன?

இங்கேயும் இரவு வேலைதான். விடிந்ததும் வந்து படுக்கிறேன். என் அறைக்கு மஞ்சள் திரை போட்டிருக்கிறார்கள். வெயில் அதன் வழியாக வரும்போது அறை முழுக்கத் தேன் ஊற்றி வைத்ததுபோல் இருக்கிறது. அதற்குள் நான் மெதுவாக மூழ்குவேன். தெருவில் சைக்கிள் போவது, பக்கத்து வீட்டில் பாத்திரம் வைப்பது எல்லாம் எங்கோ மேலே, தண்ணீருக்கு மேலே நடப்பதுபோல் கேட்கும். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாது. விரல் இடுக்கில் மாவு காய்ந்து வெள்ளையாக இருக்கும். சில சமயம் அதைப் பனி என்று நினைத்துப் பதறி எழுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கழன்று கிடந்த கையுறை வலது கையுடையதா, இடது கையுடையதா? கம்பெனிக் காகிதத்தில் இருக்கிறதா?

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

—

மார்ச் 27

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். அத்தைக்குத் தலைசுற்றல் குறைந்திருக்கிறது. உன் சுகம் உன் எழுத்தில் தெரியவில்லை.

வலது கையுறை. ஏன் கேட்டாய்? நான் அத்தனை எழுதியிருக்கிறேன், நீ கையைக் கேட்கிறாய். சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

என் மகன் கதவைத் தட்டுவது எப்படி என்று எனக்கா தெரியாது? எனக்குக் கேட்க வேண்டுமே என்று பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இடிப்பான். “உங்க வீட்ல பிள்ளையா வளர்க்கறீங்க, காளை மாடா?” என்று எதிர் வீட்டுக்காரர் கேட்பார். தாழ்ப்பாள் பக்கம் பலகை குழிந்திருக்கிறது பார், அது அவன் முஷ்டி. அப்படிப்பட்டவன் சாகக் கிடக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பானா? இடித்தான். கேட்டவர்கள் பொய் சொல்கிறார்கள். நான் இதை விடப்போவதில்லை.

அவன் கனவில் வருகிறான். மில்லில் மரத்தூள் பறக்கிற மாதிரி எங்கும் வெள்ளையாக இருக்கிறது. நடுவில் நிற்கிறான். வாய் அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை. “சத்தமா சொல்லுடா” என்கிறேன். சிரிக்கிறான். கனவிலாவது எனக்குக் காது கேட்கக் கூடாதா?

அடுத்த விசாரணை ஜூலைக் கடைசியில். தூங்கு, சாப்பிடு, பதில் போடு.

மாமா

—

மே 2

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

கம்பெனியின் காகிதம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பணத்துக்காக இல்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், இல்லை யாருக்காவது கொடுத்துவிடலாம். அவர் எப்படிப் போனார் என்று இனி யாரும் பேசாமல் இருந்தால் போதும். இடித்தாரா, உட்கார்ந்தாரா, கையுறை ஏன் கழன்றது என்று பெரிய அறையில் பல பேர் முன்னால் கேட்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நான் தூங்கியே பல நாள் ஆகிறது.

என்மேல் கோபப்படாதீர்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்.

உங்கள் மருமகள்

—

மே 6

மருமகளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ கையெழுத்துப் போட்டால், என் மகன் அந்தக் கதவைத் தொடவே இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்ததாக ஆகும். கைப்பிடி மாட்ட நேரமில்லாதவன் நல்லவன், செத்தவன் குடிகாரன் என்று ஆகும். யோசித்துப் போடு. இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

—

மே 9

கண்ணு,

நான் உன் அத்தை எழுதுறேன். எனக்கு எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்கோ. உங்க மாமா வெளியே போயிருக்கார். நல்லா இருக்கியாம்மா?

அந்த மனுஷன் சாப்பாட்டைத் தொட மாட்டேங்கிறார். அதுக்காக உன்னைக் குறை சொல்லலை. அவருக்குப் பிடிவாதம்தான் சோறு. ஆனா நீ பிடிவாதக்காரி இல்லை. நீ பேசாம இருந்தா எதையோ மென்னு முழுங்குறேன்னு அர்த்தம். என் பிள்ளையைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பார்க்கறேனே. வலது கையான்னு கேட்டியாமே. அவர் விட்டுட்டார், நான் விடலை. அதையே நினைச்சுட்டிருக்கேன்.

கையெழுத்துப் போடறதுன்னா போடு. நான் தடுக்கலை. ஆனா முழுங்கினதைத் துப்பிட்டுப் போடு. தொண்டையில நிக்க விடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அத்தை

—

ஜூன் 11

மதிப்புக்குரிய மாமாவுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். நீங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும். மாமா சத்தமாகப் படித்தால் அத்தைக்கும் கேட்கும்.

உங்கள் வீட்டுக் கதவை அவர் எப்படித் தட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் பகலில் தூங்குகிறவள். மாடி அறையின் வெளிப்பூட்டு சரியில்லாததால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுப்பேன். நண்பகலில் அவர் ஆப்பிள் கிடங்கிலிருந்து சாப்பிட வருவார். வலது கையுறையைக் கழற்றிவிட்டு, மோதிரத்தின் விளிம்பால் கதவில் இருக்கும் இரும்புத் தகட்டில் தட்டுவார். இரண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. அது என்னை எழுப்புகிற தட்டு இல்லை மாமா. விழித்திருந்தால் கேட்கும், தூங்கினால் கேட்காது. அதற்காகவே அவர் கண்டுபிடித்த தட்டு. நான் திறக்காவிட்டால் கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடாமலே திரும்பிப் போன நாட்களும் உண்டு.

“எழுப்பக் கூடாதா?” என்று சண்டை போடுவேன்.

“நல்லாத் தூங்கிட்டிருந்தே. மூச்சுச் சத்தம் படி வரைக்கும் வந்துது.”

“நான் என்ன குறட்டையா விடறேன்?”

“குறட்டைன்னு நான் சொன்னேனா? நீயா ஒத்துக்கிட்டே.”

இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். குளிர் ஏற ஏற வலி போய்விடுமாம். கனவு மாதிரி ஆகிவிடுமாம். எங்கே இருக்கிறோம் என்பதே மாறிப்போகுமாம். அவர் எங்கள் படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டார், மாமா. அந்தக் கதவுக்குப் பின்னால் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார். அதனால்தான் கையுறையைக் கழற்றினார். அதனால்தான் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அன்று நண்பகல் எனக்குத் தூக்கத்தில் அந்தத் தட்டு கேட்டது. இரண்டு, அப்புறம் ஒன்று. எழுந்து போய்த் திறந்தேன். படியில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. கனவென்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் தூங்கவே இல்லை. மஞ்சள் திரைக்குள் மிதப்பதோடு சரி.

இதை நீதிமன்றத்தில் சொன்னால் அந்தத் தட்டு எங்கள் இருவருடையதாக இருக்காது. அதுதான் என் பயம். கையெழுத்து இன்னும் போடவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

—

ஜூலை 3

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தையும் நானும் நலம். நீ சொன்னபடி சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தோம். அத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய், ஒன்றும் இல்லாத அடுப்பை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. பல நாள் நம் வாசற்கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழிந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகனை எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்தவன் நான். இப்படித் தட்டுகிற ஒருவனை எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவனாக இருக்கிறான். பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை வக்கீல் அம்மாவிடம் காட்டவில்லை. உன்னைக் கேட்காமல் காட்ட மாட்டேன்.

ஆனால் பெட்டி ஒட்டுகிற பெண் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. கதவைத் தட்டினேன். என் தட்டு உனக்குத் தெரியுமே.

“யாருய்யா அது, கதவைப் பேத்துடாதே!” என்று வந்தவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நீங்களா? திட்டினதுல இன்னும் ஏதாவது பாக்கியா?”

“திட்ட வரலைம்மா. கேக்க வந்தேன்.”

“உங்களுக்குத்தான் காது கேக்காதே.”

“அதனாலதான் உன்கிட்ட வந்தேன்.”

கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் உள்ளே விட்டாள். அவள் சொன்னது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும், அப்படிக் கத்திச் சொன்னாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது குளிர் அறையின் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்த இரைச்சலில் யார் எதை இடித்தாலும் கேட்காதாம். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அது நின்றுவிட்டதாம். அவளுடைய மேஜை குளிர் அறைக் கதவின் இரும்புச் சட்டத்தை ஒட்டி இருக்கிறது. அப்போதுதான் அந்த டிக் டிக் கேட்டிருக்கிறது.

“எப்படின்னு காட்டு” என்றேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் அவளிடம் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஸ்பூனால் தட்டினாள்.

இரண்டு. கொஞ்சம் நிறுத்தி ஒன்று.

நான் கையை மூடிக்கொண்டேன். “பைப்புன்னு நெனச்சுட்டேன் ஐயா, எழுந்து பாத்திருக்கலாம்” என்று அவள் அழுதாள். “நான் உன்னை நம்பியிருக்கலாம்” என்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு வரவில்லை. வேறு ஏதோ சொன்னேன். புரிந்துகொண்டாள். வருகிறேன் என்கிறாள்.

நீ வருவாயா? வராவிட்டாலும் கோபமில்லை. கையெழுத்துப் போட்டாலும் நீ என் மருமகள்தான். உங்கள் இருவரிடமிருந்தும் அந்தத் தட்டை யாரும் பறிக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்ல முடியும். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள். நாம் மறக்க மாட்டோம்.

தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படு.

மாமா

—

ஜூலை 9

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம். அத்தையின் கோணல் எழுத்தை மறுபடி பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கம்பெனிக் காகிதத்தின் மேல் நேற்று எண்ணெய் தடவிய மாவுத் தட்டை வைத்தேன். எண்ணெய் ஊறிவிட்டது. இனி அதில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

வருகிறேன். மோதிரம் என் கட்டைவிரலில் இருக்கிறது. வேறு விரலில் அது நிற்கவில்லை.

உங்கள் மருமகள்

—

செப்டம்பர் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை அந்த வார்த்தையைத் தடையில்லாமல் எழுதுகிறேன். நீ விசாரணை முடிந்த அன்றே ரயிலேறிவிட்டாய். அத்தை கட்டிக்கொடுத்த பொட்டலத்தைச் சாப்பிட்டாயா?

தீர்ப்பு வந்துவிட்டது. உள்ளிருந்து தட்டியவன் உயிரோடுதான் இருந்தான், உள்பக்கக் கைப்பிடி இல்லாததே சாவுக்குக் காரணம், கம்பெனியே பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. குடித்திருப்பானோ என்ற வரியை ஆதாரமற்றது என்று தள்ளியிருக்கிறது. அதை மட்டும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “இப்படி ஒண்ணு எழுதினானா அவன்?” என்று இப்போதுதான் கோபப்பட ஆரம்பித்திருக்கிறாள். எல்லாக் கதவுக்கும் கைப்பிடி மாட்டிவிட்டார்களாம். பெட்டி ஒட்டுகிற பெண் தானே போய் உள்ளே நின்று திறந்து பார்த்தாளாம். நஷ்டஈட்டுத் தொகை உனக்கு வரும். அதை என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே. பகலில் சத்தமில்லாத ஓர் அறை எடுத்துக்கொள்.

நான் எழுத வந்தது வேறு. அன்று அந்த அறையில் உனக்குத் தெரியாதது ஒன்று நடந்தது.

உன்னை முதலில் வெளியே தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்களே, அப்போது அந்தப் பெண்ணைத் தட்டிக் காட்டச் சொன்னார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அவள் பேனா முனையால் மேஜையின் இரும்பு விளிம்பில் தட்டினாள். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். கம்பெனி வக்கீல் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. மோதிரத்தைக் கட்டைவிரலிலிருந்து கழற்றிப் பிடித்துக்கொண்டாய். கண்ணை மூடிக்கொண்டு அதே இரும்பு விளிம்பில் தட்டினாய்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதுக்குள் எப்போதும் ஓடுகிற மரமில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முகங்களைப் பார்த்தேன். நீதிபதியின் பேனா நின்றது. கம்பெனி வக்கீல் தலை நிமிர்ந்து, யாரோ வந்துவிட்டது போல வாசலைப் பார்த்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவு பேரும் என் மகனைக் கேட்டார்கள். நான் ஒருவன்தான் கேட்கவில்லை.

கோபம் வரவில்லை. வியப்பாக இருந்தது. நான் இத்தனை மாதம் கத்தி அசைக்க முடியாத அறையை, அவன் உன்னை எழுப்பக் கூடாது என்று வைத்திருந்த சத்தம் எழுப்பிவிட்டது.

இப்போது எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. கம்ப்ரசர் ஓடும்போது அவன் என் வீட்டுக் கதவை இடித்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அது நின்றபிறகு உன் வீட்டுக் கதவைத் தட்டினான். நீ எழுந்து திறந்தாய். அதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எத்தனை பேர் தூக்கத்திலிருந்து எழுந்து போய்க் கதவைத் திறப்பார்கள்? படியில் வெயில் உட்கார்ந்திருந்தது என்று எழுதினாயே. குளிரில் இருந்தவன் வந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

கனவில் நேற்று வந்தான். வாய் அசைக்கவில்லை. என் கையை எடுத்து விரித்தான். அவ்வளவுதான். விழித்தபோது கை விரிந்தே கிடந்தது.

நீ தூங்குகிறாயா? அதை மட்டும் பதிலில் எழுது, வேறொன்றும் வேண்டாம்.

விடுமுறை கிடைத்ததும் வா. எந்த வண்டி என்று அத்தைக்குத் தெரிவித்துவிடு. அழைப்பு மணியை அடிக்காதே. இடிக்காதே. மோதிரத்தால் தட்டு. தாழ்ப்பாளுக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு அடித்து வைத்திருக்கிறேன். நான் உள்பக்கம் அதே இடத்தில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பேன்.

மாமா